விமர்சன வீடியோவில் சினிமா காட்சிகளை எடுத்தாள்வது எப்படி: எடிட்டிங் முதல் எதிர் அறிவிப்பு வரை

ஒரு படத்தின் எடிட்டிங்கைப் பற்றிப் பேசினால் அந்த வெட்டைக் காட்டித்தான் ஆக வேண்டும். பின்னணி இசை சட்டென்று நின்றுபோகும் இடம், பழைய படத்திலிருந்து அப்படியே உருவப்பட்ட ஷாட், நடிகர் வசனத்தை விழுங்கிவிட்டுக் கண்ணால் பேசும் நொடி ஆகியவற்றை வாயால் விவரித்தால் பார்ப்பவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். காட்டிவிட்டால் அதற்குமேல் விவாதமில்லை. பெரும்பாலான நாடுகளின் பதிப்புரிமைச் சட்டங்கள் விமர்சனத்துக்காக இப்படி எடுத்தாள்வதற்கு இடம் கொடுத்திருக்கின்றன.

ஆனால் வீடியோ ஏறும் தளத்தில் அதை முதலில் பார்ப்பது ஒரு நிரல். தன் கோப்பில் இருக்கும் ஒலியோடும் படத்தோடும் இது பொருந்துகிறதா என்பது மட்டுமே அதன் கேள்வி. எதற்காக எடுத்தாண்டீர்கள் என்று அது கேட்பதில்லை. 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கிய காட்சியை நாசா தன் சொந்தச் சேனலில் போட்டபோது, அதே காட்சியை ஒளிபரப்பிய ஒரு செய்தி நிறுவனத்தின் பெயரில் கோரல் (கிளைம், அதாவது இது எங்களுடையது என்ற உரிமைக் கோரிக்கை) விழுந்து வீடியோ முடங்கியது. 2018-ல் வெறும் இரைச்சல் மட்டுமே பத்து மணி நேரம் ஓடும் வீடியோ ஒன்றுக்கு ஐந்து கோரல்கள் வந்தன.

ஆகவே சட்டப்படி சரியாக இருக்கும் வீடியோவுக்கும் கிளைம் வரும் என்று எண்ணியே வேலையைத் தொடங்குங்கள். கிளைம் வந்தபின் யோசித்து எழுதும் பதில் வலுவில்லாமல் போகும். ஸ்கிரிப்ட் எழுதும்போதும் கிளிப்பை வெட்டும்போதும் அந்தப் பதில் தயாராகிக்கொண்டே வர வேண்டும். கீழே உள்ள நடைமுறை யூடியூபை ஒட்டியது. பிற பெரிய தளங்களிலும் அடிப்படை இதுவே. பொத்தான்களின் பெயரும் கெடுநாட்களும் மாறும்.

சட்டம் என்ன கேட்கிறது

யூடியூப் அமெரிக்க நிறுவனம் என்பதால் அதன் நடைமுறை முழுவதும் அமெரிக்கச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. அங்கே பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு நியாயப் பயன்பாட்டை நான்கு அளவைகளால் எடைபோடுகிறது: எதற்காக, எந்தத் தன்மையில் பயன்படுத்தினீர்கள், மூலப் படைப்பு எப்படிப்பட்டது, அதில் எவ்வளவு எடுத்தீர்கள், எடுத்தது அதன் உயிர்நாடியா, உங்கள் பயன்பாட்டால் மூலத்தின் சந்தை பாதிக்கப்படுமா. நான்கையும் சேர்த்துப் பார்த்தே தீர்ப்பு வரும்.

ஏழு விநாடி வரை பரவாயில்லை, முப்பது விநாடி வரை பரவாயில்லை, பத்து சதவீதம் வரை பரவாயில்லை என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அப்படி ஒரு விதி சட்டத்தில் கிடையாது. 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்த ஹார்பர் அண்ட் ரோ வழக்கில், சுமார் இரண்டு லட்சம் சொற்கள் கொண்ட கையெழுத்துப் பிரதியிலிருந்து ஒரு பத்திரிகை எடுத்தது ஏறத்தாழ 300 சொற்கள்தான். அது நூலின் இதயமான பகுதி, நூல் வெளிவரும் முன்பே அச்சிடப்பட்டது என்பதால் நியாயப் பயன்பாடு ஆகாது என்று தீர்ப்பானது. மறுபுறம், 2017-ல் நியூயார்க் மாவட்ட நீதிமன்றம் ஹொசைன்சாதே எதிர் கிளைன் வழக்கில், 5 நிமிடம் 24 விநாடி ஓடும் மூல வீடியோவில் 3 நிமிடம் 15 விநாடியை எடுத்தாண்ட ஒரு விமர்சன வீடியோ நியாயமானதே என்றது. பாதிக்கும் மேல் எடுத்தும் எப்படித் தப்பியது? ஏறக்குறைய 14 நிமிடம் ஓடிய அந்த வீடியோ கிளிப்பை அடிக்கடி நிறுத்தி, ஒவ்வொரு துண்டையும் பிரித்துப் பேசியது. எல்லா ரியாக்‌ஷன் வீடியோக்களுக்கும் இது பொருந்தாது என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. பேச்சே இல்லாமல் கூட்டாக உட்கார்ந்து படம் பார்ப்பது போன்ற வீடியோக்களும் இருக்கின்றன, அவற்றின் நிலை வேறு என்று நீதிபதி குறிப்பிட்டார்.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நியாயமான கையாளுகையை அனுமதிக்கிறது. இது அமெரிக்க முறையைவிடக் குறுகலானது. தனிப்பட்ட பயன்பாடும் ஆராய்ச்சியும், விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தியை அளிப்பது என நோக்கங்களைச் சட்டமே பட்டியலிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலுக்குள் நீங்கள் வர வேண்டும். விமர்சனம் என்பது எடுத்தாண்ட படைப்பைப் பற்றியதாகவோ வேறொரு படைப்பைப் பற்றியதாகவோ இருக்கலாம் என்று சட்டமே சொல்வது நமக்குப் பெரிய பலம். இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பேசும் வீடியோ இதில் அடங்கும். தோப்பில் பாசியின் நாடகத்தை விமர்சித்து எழுதப்பட்ட எதிர்நாடகம் பற்றிய 1996-ஆம் ஆண்டு வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் மூன்றைப் பார்த்தது: விமர்சனத்தோடு ஒப்பிடும்போது எடுத்த பகுதியின் அளவும் மதிப்பும், எடுத்ததன் நோக்கம், இரண்டு படைப்புகளும் ஒன்றோடொன்று போட்டியிடுமா என்பது. எதிர்நாடகத்துக்கே சாதகமாக முடிவு வந்தது.

இலங்கையின் 2003-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டமும் சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அமெரிக்க முறையை ஒத்த நியாயப் பயன்பாட்டை ஏற்றிருக்கின்றன. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் இடம் தருகிறது. 2014 முதல் பகடிக்கும் தனி விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தன் 2019-ஆம் ஆண்டு நெறிமுறையின் 17-ஆம் பிரிவில் மேற்கோள், விமர்சனம், மதிப்புரை, பகடி ஆகியவற்றைப் பயனர்களுக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. நாட்டுக்கு நாடு சொற்கள் வேறுபட்டாலும் எல்லா இடத்திலும் நீதிமன்றம் தேடுவது உங்கள் பேச்சுக்கும் அந்தக் கிளிப்புக்கும் உள்ள தொடர்பைத்தான்.

ஸ்கிரிப்டும் கிளிப் பட்டியலும்

முதலில் பேச்சை எழுதி முடியுங்கள். கிளிப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவற்றுக்கு ஏற்பப் பேசத் தொடங்கினால், பாதி கிளிப்புகள் அலங்காரமாகத்தான் நிற்கும். பேச்சு முடிந்தபின், “இந்த வாக்கியத்தைக் காட்சி இல்லாமல் நிறுவ முடியாது” என்று தோன்றும் வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். கிளிப் அங்கே மட்டும் வரட்டும்.

பிறகு ஒரு விரிதாள். ஒரு கிளிப்புக்கு ஒரு வரி. மூலப் படத்தில் தொடங்கும் நேரம், முடியும் நேரம், உங்கள் வீடியோவில் வரும் இடம், மொத்த விநாடி, ஒலி உண்டா இல்லையா, எந்தக் கருத்துக்காக, எங்கிருந்து எடுத்தது என ஏழு கட்டங்கள் போதும். ‘எந்தக் கருத்துக்காக’ என்ற கட்டத்தை ஒரு முழு வாக்கியத்தால் நிரப்ப முடியாவிட்டால் அந்தக் கிளிப்பைத் தூக்கிவிடுங்கள். “படத்தின் மூடைக் காட்ட” என்பது காரணமாகாது. “நாயகன் பொய் சொல்லும் மூன்று இடங்களிலும் கேமரா அவர் முகத்துக்குக் கீழிருந்து பார்ப்பதைக் காட்ட” என்பது காரணம். நாளைக்கு மறுப்பு எழுதும்போது இந்தக் கட்டத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டலாம்.

கருத்து முடிந்த நொடியில் கிளிப்பும் முடிய வேண்டும். காட்சி அழகாக இருக்கிறதே என்று இன்னும் நான்கு விநாடி ஓடவிடுவதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அந்த நான்கு விநாடிக்கு உங்களிடம் காரணம் இருக்காது. ஷாட்டை உறையவைத்து மேலே கோடு போட்டு விளக்குவது, இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைப்பது, மெதுவாக ஓட்டி வெட்டின் இடத்தைச் சுட்டுவது போன்றவை விளக்கத்தையும் கூட்டும், உங்கள் நியாயத்தையும் கூட்டும். கிளைமாக்ஸையும் படத்தின் முக்கியத் திருப்பத்தையும் முழுதாகக் காட்டாதீர்கள். அளவு குறைவாக இருந்தாலும் படத்தின் இதயத்தை எடுத்துவிட்டதாக வாதம் வருவது அங்கேதான்.

பாட்டும் பின்னணி இசையும் தனி ஆபத்து. ஒரு படத்தின் காட்சிக்கு ஒருவரும், அதே காட்சியில் ஒலிக்கும் இசைப்பதிவுக்கு வேறொருவரும், அந்த மெட்டுக்கும் வரிகளுக்கும் மூன்றாமவரும் உரிமையாளராக இருக்கலாம். ஆகவே பத்து விநாடிக் கிளிப் ஒன்றுக்கே இரண்டு மூன்று கோரல்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் பேசுவது கேமராவைப் பற்றி என்றால் மூல ஒலியை முழுதாக அணைத்துவிடுங்கள். வசனத்தைப் பற்றி என்றால் இசை ஒலிக்காத பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இசையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்றால் தைரியமாக ஒலியை வையுங்கள். ஆனால் ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் நிறுத்தி, தாளம், வாத்தியம், இடைவெளி என்று குறிப்பாகப் பேசுங்கள். அடியில் பாட்டு ஓட, மேலே வேறு எதையோ பேசும் வீடியோவுக்கு விமர்சனப் பாதுகாப்பைக் கேட்பது கடினம்.

படத்தை இடவலமாகத் திருப்புவது, சுருதியை ஏற்றுவது, நாலு பக்கமும் பட்டை போட்டுச் சுருக்குவது எல்லாம் நிரலை ஏய்க்கும் வித்தைகள். வேண்டாம். அவை உங்கள் வாதத்துக்கு ஒரு புதுப் பொருளும் சேர்ப்பதில்லை. நேர்மையான விமர்சகர் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு இடம் கொடுக்கின்றன. தவிர, இடவலம் மாறிய ஷாட்டை வைத்து ஒளியமைப்பைப் பற்றிப் பேசுவது பார்ப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

மூலம் எங்கிருந்து என்பதும் முக்கியம். தியேட்டரில் கேமரா வைத்து எடுத்ததைத் தொடவே தொடாதீர்கள். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அப்படிப் பதிவுசெய்வதற்குச் சிறைத்தண்டனையே உண்டு. டிஸ்க், ஓடிடி ஆகியவற்றின் பூட்டை உடைப்பது அமெரிக்காவில் எடுத்தாளும் கேள்விக்குச் சம்பந்தமில்லாத தனிக் குற்றச்சாட்டாக வரலாம். விமர்சனத்துக்காகச் சிறு பகுதிகளை எடுக்கச் சில விலக்குகள் அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன என்றாலும் அவை குறிப்பிட்ட வகையினருக்கு மட்டுமே. தயாரிப்பாளரே வெளியிட்ட டிரெய்லரிலும் முன்னோட்டக் காட்சிகளிலும் உங்களுக்கு வேண்டிய ஷாட் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அவற்றுக்கும் பதிப்புரிமை உண்டுதான். ஆனால் மூலம் பற்றிய சிக்கல் எழாது.

“பதிப்புரிமையை மீறும் எண்ணமில்லை” என்று விளக்கப் பெட்டியில் எழுதுவது, தயாரிப்பாளருக்கு நன்றி சொல்வது, விளம்பர வருமானத்தை அணைத்துவைப்பது ஆகியவை எதையும் தடுக்காது. நன்றி சொல்வது நல்ல பழக்கம், அவ்வளவுதான்.

ஏற்றும் நாள்

வெளியிட நினைக்கும் நாளுக்கு மூன்று நான்கு நாட்கள் முன்பே வீடியோவைத் தனிப்பட்டது என்ற நிலையில் ஏற்றுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் ஏற்றும் படிகளில் ‘சரிபார்ப்புகள்’ என்று ஒன்று வரும். யாரும் பார்ப்பதற்கு முன்பே பொருத்தங்கள் அங்கே தெரிந்துவிடும். எந்த விநாடியில், எந்தப் படைப்போடு, யார் பெயரில், விளைவு என்ன என்று நான்கையும் விரிதாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு அலங்காரம் என்று இப்போது புரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி ஏற்றலாம், ஒரு பார்வையாளரும் இழப்பில்லை. தேவையான துண்டு என்றால் வெளியிடும் முன்பே மறுப்பைத் தொடங்கிவிடலாம்.

சரிபார்ப்பில் ஒன்றும் வரவில்லை என்பதை உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உரிமையாளர்கள் தங்கள் பட்டியலைப் பிறகு விரிவாக்கும்போது பழைய வீடியோக்களுக்கும் கோரல் வரும். ஆட்களே உட்கார்ந்து கையால் போடும் கோரல்களும் உண்டு.

வந்தது கிளைமா, ஸ்ட்ரைக்கா

மின்னஞ்சலைப் பார்த்ததும் முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் வீடியோவையே அழித்துவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள்.

கன்டென்ட் ஐடி என்பது முன்பு சொன்ன, பொருத்திப் பார்க்கும் நிரல். அதன் வழியாக வரும் கிளைம் தளத்தின் சொந்த ஏற்பாடு, 2007-ல் வந்தது. இதனால் சேனலுக்குக் கெட்டபெயர் இல்லை. விளைவு மூன்று வகை: வருமானம் கோருபவருக்குப் போகலாம், பார்வைக் கணக்கை மட்டும் அவர் கண்காணிக்கலாம், அல்லது சில நாடுகளிலோ எல்லா நாடுகளிலுமோ வீடியோ தடுக்கப்படலாம். ஸ்ட்ரைக் என்பது வேறு. 1998-ஆம் ஆண்டு அமெரிக்க டிஎம்சிஏ (டிஜிட்டல் மில்லினியம் பதிப்புரிமை) சட்டத்தின் 512-ஆம் பிரிவின்படி ஒருவர் முறையான நீக்கல் கோரிக்கை கொடுத்து, வீடியோ நீக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போகும். ஸ்ட்ரைக் வந்தபின் வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது. அதே வீடியோவைப் பெயர் மாற்றித் திரும்ப ஏற்றினால் இன்னொரு ஸ்ட்ரைக்கைக் கையாலேயே வாங்கிக்கொள்கிறீர்கள்.

கிளைம் வந்தால் முதல் ஐந்து நாட்கள் விலைமதிப்பானவை. அதற்குள் மறுத்தால் கிளைம் விழுந்த முதல் நாளிலிருந்து வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்பட்டு, வென்றவருக்குக் கொடுக்கப்படும். ஐந்து நாள் தாண்டினால் நீங்கள் மறுத்த தேதியிலிருந்துதான் நிறுத்திவைப்பார்கள்; இடைப்பட்ட தொகை போனது போனதுதான். ஒரு விமர்சன வீடியோவுக்குப் பார்வைகள் குவிவது முதல் வாரத்தில் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மறுக்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாட்டை எதற்குப் போட்டேன்? முடிவில் ஒரு உணர்ச்சி வேண்டும் என்று போட்டிருந்தால் மறுக்காதீர்கள். ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே அந்தப் பகுதியை வெட்டவோ, பாட்டை அணைக்கவோ, தளத்தின் ஒலி நூலகத்திலிருந்து வேறு இசை வைக்கவோ வழி இருக்கிறது. முகவரி மாறாது, கருத்துகளும் பார்வைக் கணக்கும் அப்படியே இருக்கும். பொய்யான மறுப்புகள் பெருகப் பெருக, நியாயமான மறுப்பையும் கோருபவர் படிக்காமலேயே தள்ளிவிடுவார். பாதிப்பு எல்லா விமர்சகர்களுக்கும்தான்.

மறுப்பு எழுதும் முறை

மறுப்புக்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானம் வேண்டும். உரிமம் இருக்கிறது, பொதுவுடைமை (பதிப்புரிமை இல்லாததால் யாரும் பயன்படுத்தலாம்), நியாயப் பயன்பாடு என்பவை வெவ்வேறு வாதங்கள். டிவிடி வாங்கியதை உரிமம் என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுத்தால் முதல் படியிலேயே தோல்வி. பழைய கீர்த்தனை பொதுவுடைமைதான். ஆனால் அதைப் போன மாதம் ஒருவர் பாடிப் பதிவுசெய்திருந்தால் அந்தப் பதிவு பொதுவுடைமை ஆகாது. விமர்சனத்துக்கு நியாயப் பயன்பாடே சரியான தேர்வு.

எழுதுவது ஒரு மனிதர் இரண்டு நிமிடத்தில் படித்து முடிவெடுக்கும்படி இருக்க வேண்டும். கோரும் நிறுவனம் எந்த மொழியில் இயங்குகிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். கோபம், கருத்துச் சுதந்திரம் பற்றிய சொற்பொழிவு, மற்ற சேனல்களை மட்டும் விட்டுவிட்டீர்களே என்ற புகார் எதுவும் வேண்டாம். இந்த வடிவம் போதும்:

“இது ஒரு திரைப்பட விமர்சனம், நீளம் 16 நிமிடம். கோரப்பட்ட பகுதி 04:12 முதல் 04:31 வரை, 19 விநாடி. மூலப் படம் 2 மணி 20 நிமிடம் ஓடுவது. இப்பகுதியில் நாயகி வீட்டைவிட்டு வெளியேறும்போது கேமரா பின்தொடராமல் வாசலிலேயே நிற்பதை, 04:15-லும் 04:24-லும் படத்தை நிறுத்தி விளக்குகிறோம். ஷாட்டின் நீளமே விளக்கத்தின் பொருள் என்பதால் இதைவிடக் குறைவாகக் காட்ட இயலாது. மூல ஒலி பயன்படுத்தப்படவில்லை. இந்த 19 விநாடி அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு மாற்றாகாது. எனவே அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 107-ஆம் பிரிவின்படி இது விமர்சன நோக்கிலான நியாயப் பயன்பாடு.”

சட்டத்தின் நான்கு அளவைகளில் நோக்கம், அளவு, சந்தை ஆகிய மூன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. நான்காவதான மூலத்தின் தன்மையில், கற்பனைப் படைப்புக்குப் பாதுகாப்பு அதிகம் என்பதால் அது நமக்குச் சாதகமாக வராது. அதை இழுக்காமல் விடுவதே நல்லது. உங்கள் நாட்டுச் சட்டத்திலும் இடம் இருந்தால் ஒரு வரி சேர்க்கலாம். எல்லா எண்களும் விரிதாளிலிருந்து வரட்டும், நினைவிலிருந்து வேண்டாம். ஒரு நேரக்குறி தவறினாலும் படிப்பவர் மீதியை நம்ப மாட்டார்.

கோருபவருக்குப் பதில் சொல்ல 30 நாள். பேசாமல் விட்டால் கிளைம் தானாக விலகும். விட்டுக்கொடுத்தாலும் விலகும். நிராகரித்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு 7 நாள்தான். வீடியோவையே தடுக்கும் கிளைம் என்றால் மறுப்பைத் தாண்டி நேராக மேல்முறையீட்டுக்குப் போகும் வழி இருக்கிறது. புதுப் படம் ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் 30 நாள் காத்திருப்பது விமர்சனத்தைக் கொன்றுவிடும் என்பதால் அந்த வழி உதவும்.

ஆனால் மேல்முறையீட்டின் மறுபக்கத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். அதையும் ஏற்காத உரிமையாளருக்கு மிச்சமிருக்கும் வழி நீக்கல் கோரிக்கை ஒன்றுதான். அவர் அதை உடனே கொடுத்தால் வீடியோ போகும், ஸ்ட்ரைக் விழும். ஏழு நாள் கழித்து நடைமுறைக்கு வரும்படி கொடுத்தால், அதற்குள் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்று ஸ்ட்ரைக்கைத் தவிர்க்கலாம். ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக் நிலுவையில் இருக்கும்போது, எவ்வளவு நியாயம் இருந்தாலும் மேல்முறையீட்டைத் தள்ளிப்போடுவது நல்லது. பல கிளைம்கள் ஒரே சமயத்தில் வந்திருந்தால் மிக வலுவான ஒன்றை மட்டும் முதலில் கொண்டுபோங்கள். அதன் முடிவு தெரிந்தபின் மற்றவை.

ஸ்ட்ரைக் வந்தபின்

மூன்று வழிகள். 90 நாள் காத்திருந்து, தளம் தரும் சிறு பதிப்புரிமைப் பாடத்தை முடித்தால் ஸ்ட்ரைக் காலாவதியாகும். கோரியவருக்கு எழுதித் திரும்பப் பெறச் சொல்லலாம். ஆளை அடையாளம் தெரியாமல் போட்ட கோரிக்கை என்றால் மரியாதையான ஒரு மின்னஞ்சலிலேயே இது முடிந்துவிடுவதுண்டு. மூன்றாவது, எதிர் அறிவிப்பு.

எதிர் அறிவிப்பு தளத்தின் படிவம் போலத் தோன்றும். உண்மையில் அது சட்ட ஆவணம். உங்கள் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொலைபேசி எண், நீக்கப்பட்ட வீடியோ எங்கே இருந்தது என்ற விவரம், தவறுதலாகவோ வேறொன்று என்று தவறாக அடையாளம் காணப்பட்டதாலோ நீக்கப்பட்டது என்று நம்புவதாகப் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்ட உறுதிமொழி, கையெழுத்து ஆகியவை வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர், அந்தத் தளம் இருக்கும் பகுதியின் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாகவும், கோரியவரிடமிருந்து வழக்குத் தாள்களைப் பெற்றுக்கொள்வதாகவும் எழுதித்தர வேண்டும். இத்தனையும் கோரியவர் கைக்குப் போகும். கோரியவர் உங்களைத் தேடிப்பிடிக்க நினைக்கும் ஆளாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் வழக்கறிஞர் மூலமாகக் கொடுங்கள்; அதற்கு அனுமதி உண்டு.

அதன்பின் கோரியவருக்கு 10 அமெரிக்க வேலை நாள் அவகாசம். அதற்குள் வழக்குத் தொடுத்ததற்கான சான்றை அவர் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும், ஸ்ட்ரைக் நீங்கும். வழக்குத் தொடுப்பார் என்ற எண்ணத்தோடுதான் இதில் இறங்க வேண்டும். கிளிப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறதா, மூலத்தில் சிக்கல் இல்லையா என்று ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். காரணமில்லாத ஒரு துண்டு இருந்தாலும் அந்த வீடியோவுக்காக இந்தப் படியை எடுக்காதீர்கள்.

எதிர்த்தரப்புக்கும் கடமை உண்டு. 29 விநாடி ஓடிய, ஒரு குழந்தை ஆடும் வீட்டு வீடியோவைப் பற்றிய லென்ஸ் வழக்கில், நீக்கல் கோரிக்கை அனுப்பும் முன் அது நியாயப் பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்திருக்க வேண்டும் என 2015-ல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. தெரிந்தே பொய்யான கோரிக்கை அனுப்பினால் 512-ஆம் பிரிவிலேயே இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது. 2019-ல் பொய்க் கோரிக்கைகளை வைத்துச் சேனல்களை மிரட்டிய ஒருவர்மீது யூடியூபே வழக்குப் போட்டது. இந்தியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, அடிப்படையில்லாத வழக்கு மிரட்டலுக்கு எதிராக நிவாரணம் கேட்க இடம் தருகிறது. இந்தியச் சட்டப்படி நேரடியாகத் தளத்துக்குக் கொடுக்கப்படும் புகாருக்கும் ஒரு எல்லை உண்டு: 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் தளம் அணுகலைத் தடுக்க வேண்டும், ஆனால் 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால் அணுகலைத் திரும்பத் திறக்கலாம். யாராவது பணம் கொடுத்தால் ஸ்ட்ரைக்கை எடுத்துவிடுகிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள். அந்தச் செய்தியை அப்படியே படமெடுத்துத் தளத்துக்கு அனுப்புங்கள்.

உங்கள் விமர்சனத்தை இன்னொருவர் எடுத்தாண்டு வெட்டிப் பேசும் நாளும் வரும். நீக்கல் கோரிக்கைப் பொத்தானைத் தொடும் முன் அவருடைய வீடியோவை இதே அளவைகளால் பாருங்கள். நிறுத்திப் பேசுகிறாரா, தேவையான அளவுதான் எடுத்திருக்கிறாரா, அவர் வீடியோ உங்களுடையதற்கு மாற்றாகுமா? உங்களைக் கடுமையாகத் தாக்குகிறார் என்பது காரணமாகாது. முழுதாகத் தூக்கித் தன் சேனலில் போட்டிருந்தால் மட்டும் கோரிக்கை கொடுங்கள்.

எல்லாம் முடிந்து கிளைம் விலகிய பின்னும் கோப்புகளை அழிக்க வேண்டாம். கன்டென்ட் ஐடி கிளைம் விலகியது தளத்தின் முடிவுதான், நீதிமன்றத்தின் முடிவாகாது. அமெரிக்காவில் பதிப்புரிமை உரிமையியல் வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. அதுவரையிலாவது ஸ்கிரிப்ட், எடிட்டிங் ப்ராஜெக்ட் கோப்பு, கிளிப் விரிதாள், மறுப்பில் எழுதிய வாசகம், வந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் வீடியோவின் பெயரில் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஒரு பிரதியைக் கணினிக்கு வெளியே வைத்திருங்கள். மறுப்புப் படிவத்தில் எழுதியதைப் பின்னால் தேடியெடுப்பது சிரமம் என்பதால், அனுப்பும் முன்பே நகலெடுத்து அந்த ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.